டென்னிஸில் ஏன் 15, 30, 40? கடிகாரக் கதையும் காசுக் கணக்கும்

டென்னிஸில் முதல் புள்ளியை 15 என்றும் இரண்டாவதை 30 என்றும் சொல்லிவிட்டு, மூன்றாவதை மட்டும் 45 என்னாமல் 40 என்று ஏன் சொல்கிறார்கள், ஒரு புள்ளியும் எடுக்காத நிலைக்கு ‘லவ்’ என்ற பெயர் எப்படி வந்தது, இவையெல்லாம் கடிகார முள்ளை நகர்த்தி எண்ணிய பழக்கத்திலிருந்து பிறந்தவை என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியா என்பதுதான் கேள்வி. சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிகாரக் கதைக்கு ஆதாரம் இல்லை. காலவரிசையும் அதற்கு எதிராக நிற்கிறது. இந்த எண்கள் டென்னிஸைவிட மிகப் பழையவை. பிரான்சில் உள்ளங்கையால் பந்தை அடித்து ஆடிய ஓர் ஆட்டத்திலிருந்து வந்தவை. அந்த ஆட்டத்தைப் பணம் வைத்து ஆடினார்கள் என்பதில்தான், என் கருத்தில், 15 என்ற எண்ணுக்கான நம்பத்தக்க விளக்கம் இருக்கிறது.

கடிகாரக் கதையை ஒதுக்கிவிடுவதற்கு முன் அதற்கு நியாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் முதல் பார்வைக்கு அது மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆட்டக்களத்தின் ஓரத்தில் ஒரு கடிகார முகப்பு இருந்தது; ஒவ்வொரு புள்ளிக்கும் முள்ளைக் கால் வட்டம் நகர்த்தினார்கள்; 15, 30, 45 கடந்து 60-ஐத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது என்பது அந்தக் கதை. 45 ஏன் 40 ஆயிற்று என்பதற்கும் அதில் ஒரு விடை உண்டு: இருவரும் மூன்று புள்ளி எடுத்துச் சமநிலைக்கு வந்தால் வெல்வதற்கு இரண்டு புள்ளி தேவை, ஆகவே 40, 50, 60 என்று பத்துப் பத்தாக நகர்த்த வசதியாக முள்ளை 40-இல் நிறுத்தினார்களாம். ஆனால் இந்த எண்ணும் முறை எழுத்தில் பதிவான காலத்தில் நிமிட முள் என்பதே பொது வழக்கில் இல்லை. இடைக்கால ஐரோப்பாவின் கோபுரக் கடிகாரங்கள் மணியைக் காட்டும் ஒற்றை முள்ளோடு இயங்கின. 1656-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கி, நேரத்தைத் துல்லியமாகக் காட்ட முடிந்த பிறகுதான் நிமிட முள் பரவலாயிற்று. கால் மணிக்கு ஒருமுறை ஒலிக்கும் கடிகாரங்கள் அதற்கு முன்பே இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒலியைக் கேட்டவர் ‘ஒரு கால், இரண்டு கால்’ என்று எண்ணியிருப்பாரே தவிர, முகப்பில் இல்லாத 15, 30 என்ற எண்களைச் சொல்லியிருக்க மாட்டார். 40, 50 என்ற விளக்கமும் நிற்காது, ஏனென்றால் பழைய பதிவுகள் எல்லாவற்றிலும் மூன்றாம் புள்ளி 45 ஆகத்தான் இருக்கிறது.

அந்தப் பதிவுகளுக்கு வருவதற்கு முன் ஆட்டத்தைப் பற்றிச் சில வரிகள். பிரெஞ்சு மொழியில் ‘ழூ த போம்’ என்றால் உள்ளங்கை ஆட்டம் என்று பொருள். மடாலயங்களின் நடைக்கூடங்களிலும் நகரத் தெருக்களிலும் வெறுங்கையாலும் பின்னர் கையுறை அணிந்தும் ஆடியதற்குப் பிறகுதான், ஏறக்குறைய 1500-ஐ ஒட்டி, நரம்பு கட்டிய மட்டை புழக்கத்துக்கு வந்தது. பிரான்சின் மன்னர் பத்தாம் லூயி 1316-இல் வேன்சென் அரண்மனையில் இந்த ஆட்டத்தைக் கடுமையாக ஆடிக் களைத்து, குளிர்ந்த பானம் அருந்தி நோயுற்று இறந்தார் என்று சொல்லும் அளவுக்கு இது அரச குலத்தின் ஆட்டமாகவும் இருந்தது. பந்தை அடிப்பவர் எதிராளியைப் பார்த்து ‘இந்தா, பிடி’ என்ற பொருளில் சொன்ன ‘தெனே’ என்ற பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலத்தில் டென்னிஸ் ஆனது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 1400-ஐ ஒட்டி ஆங்கிலக் கவிஞர் ஜான் கோவர் எழுதிய ஒரு கவிதையில் ‘தெனெட்ஸ்’ என்ற வடிவம் வருகிறது.

எண்களுக்கான பழைய சான்றுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஒரு கைதியின் கவிதை. ஓர்லியான் கோமகன் ஷார்ல் 1415-இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு 25 ஆண்டுகள் இங்கிலாந்தில் சிறை இருந்தார். 1394-இல் பிறந்தவர், 1439-இன் இறுதியில் அவருக்கு வயது 45 நிரம்பியது. அந்த வயதை வைத்து அவர் எழுதிய பாட்டில் முதுமையோடு தாம் போம் ஆடிக்கொண்டிருப்பதாகவும், இப்போது தம் கணக்கு நாற்பத்தைந்தில் நிற்பதாகவும், நல்ல பணயம் வைத்தே ஆடுவதாகவும், சும்மா ஆடவில்லை என்றும் சொல்கிறார். இதுவரை ஆட்டத்தைக் காத்துக்கொள்ளும் வலிமை தமக்கு இருப்பதாகவும், கவலை என்ற ஒன்றைத் தவிர வேறெதற்கும் அஞ்சவில்லை என்றும் பாட்டுத் தொடர்கிறது. நாற்பத்தைந்து என்றதும் கேட்பவர்கள் வயதையும் ஆட்டக் கணக்கையும் ஒருசேர நினைப்பார்கள் என்று நம்பினால்தான் ஒருவர் இப்படி எழுத முடியும். ஆகவே 15, 30, 45 என்ற எண்ணிக்கை 1439-க்குள் யாருக்கும் விளக்க வேண்டாத பொது அறிவாகியிருந்தது என்பது தெளிவு. அதே வரிகளில் பணயமும் வருவதைக் கவனியுங்கள்; அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த நூற்றாண்டில் சான்றுகள் பெருகுகின்றன. மாணவர்கள் லத்தீனில் பேசிப் பழகுவதற்காக டச்சு அறிஞர் எராஸ்மஸ் எழுதிய உரையாடல்களில் 1522-இல் வெளிவந்த ஒன்று பந்தாட்டத்தைப் பற்றியது; அதில் ஆடுபவர்கள் முப்பது, நாற்பத்தைந்து என்று கணக்குச் சொல்கிறார்கள். 1555-இல் இத்தாலியரான அந்தோனியோ ஸ்காயினோ பந்தாட்டங்களைப் பற்றியே ஒரு முழு நூலை வெளியிட்டார். புள்ளிகள் ஏன் ஒன்று, இரண்டு என்று ஏறாமல் பதினைந்து பதினைந்தாக ஏறுகின்றன என்று அவர் அதில் ஆராய்கிறார். 1579-இல் பிரெஞ்சு அரசரின் நூலகக் காப்பாளரான ழான் கோஸ்லன், இந்த எண்ணிக்கையில் எழும் ஐயங்களைத் தீர்ப்பதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். வட்டத்தின் ஆறில் ஒரு பாகம் 60 பாகை கொண்டது, அதை நான்காகப் பிரித்தால் 15 வரும் என்பது அவருடைய முதல் ஊகம். நிலம் அளக்கும் முறையில் 60 அடிக்கு 60 அடி கொண்ட சதுரத்தை ஓர் அலகாகக் கொண்டது இரண்டாவது ஊகம். வானியலும் கணிதமும் அறிந்த ஒருவர் தம் துறைக்குள் விடை தேடியிருக்கிறார்.

இந்த இரு நூல்களிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் செய்தி வேறு. ஆட்டம் அதன் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, ஆடுகிறவர்களுக்கே 15-இன் காரணம் மறந்துபோயிருந்தது. வழக்கமாக ஒரு பழக்கத்தின் காரணம் மறப்பதற்குச் சில தலைமுறைகள் ஆகும். அப்படியானால் இதன் தோற்றத்தை 14ஆம் நூற்றாண்டிலோ அதற்கும் முன்போ தேடுவதுதான் முறை. அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்தோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருந்தது எது என்று பார்த்தால் பணயப் பணம்தான் கண்ணில் படுகிறது.

டென்னிஸின் பண்பாட்டு வரலாற்றை எழுதிய ஜெர்மானிய மொழியியலாளர் ஹைனர் கில்மைஸ்டர் இந்த வழியில்தான் சென்றார். அவருடைய வாதம் இது. பிரான்சில் ‘குரோ தெனியே’ என்ற பெரிய வெள்ளிக்காசு புழங்கியது. அதன் மதிப்பு 15 சிறு தெனியேக் காசுகள் என்று கணக்கிடப்பட்டது. ஒரு புள்ளிக்கு ஒரு பெரிய காசு பணயம் என்றால், முதல் புள்ளியை வென்றவர் கையில் 15, அடுத்ததில் 30, பிறகு 45, நான்காவதோடு 60. சூதாட்டத்துக்கு வரம்பு கட்டிய இடைக்கால ஆணைகளில் 60 காசு என்ற உச்ச எல்லை இருந்ததையும் அவர் துணைக்குக் கொள்கிறார். அறுபது என்பது அன்றைய ஐரோப்பியருக்கு முழுமையான ஒரு தொகை. இன்றும் பிரெஞ்சில் எழுபதை ‘அறுபதும் பத்தும்’ என்றுதான் சொல்கிறார்கள். ஜெர்மானியப் பகுதிகளில் காசுகளை அறுபது அறுபதாகக் கட்டி எண்ணுவதற்குத் தனிச்சொல்லே இருந்தது.

இந்த விளக்கத்தையே நான் ஏற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எண்ணிக்கை ஏன் பதினைந்து பதினைந்தாகப் பெருகுகிறது என்பதற்கு இது நேரடியாக விடை தருகிறது. ஆட்டக்காரர் சொன்னது தம் புள்ளியை அன்று, தமக்கு வர வேண்டிய தொகையை. சீட்டாட்டத்தில் கணக்குப் பார்ப்பவர் கைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு ரூபாயைச் சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இரண்டாவது, ஷார்லின் பாட்டில் நாற்பத்தைந்தும் பணயமும் அடுத்தடுத்த சொற்களாக வருவது. ‘பதினைந்து என் காசு’ என்று ஒருவர் கூவியதை எழுதிவைத்த ஏடு கிடைத்தால் ஒழிய இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வட்டம், நிலம், கடிகாரம் ஆகிய மூன்றும் ஆட்டத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்தப்பட்டவை. காசு ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது.

நாற்பத்தைந்து நாற்பதானது வாய்ப்பேச்சில் நிகழ்ந்த தேய்வு. பிரெஞ்சில் ‘கராந்த் சங்க்’, ஆங்கிலத்தில் ‘ஃபார்ட்டி ஃபைவ்’. ஒரு பிற்பகலில் நூறுமுறை உரக்கச் சொல்ல வேண்டிய சொல்லின் வாலை நாக்கு தானாகவே விட்டுவிடும். பதினைந்து, முப்பது ஆகியவற்றோடு நாற்பதைக் குழப்பிக்கொள்ள இடமில்லாததால் பொருளும் கெடவில்லை. இதே தேய்வு இன்றும் நம் காதில் விழுகிறது. பொழுதுபோக்காக ஆடுபவர்கள் ‘ஃபிஃப்டீன் லவ்’ என்று முழுதாகச் சொல்லாமல் ‘ஃபைவ் லவ்’ என்றும், ‘தர்ட்டி ஃபிஃப்டீன்’ என்பதற்கு ‘தர்ட்டி ஃபைவ்’ என்றும் சொல்லிவிட்டு சர்வ் செய்கிறார்கள். அதிகாரப்பூர்வமான விதிகள் எழுதப்படாத ஒரு காலமாக இருந்தால், இன்னும் நூறாண்டில் முதல் புள்ளி 5 என்றே நிலைத்திருக்கும். அதற்கும் யாராவது ஒரு கடிகார விளக்கம் கண்டிருப்பார்கள்.

இருவரும் மூன்று புள்ளி எடுத்துச் சமநிலைக்கு வந்தால் சொல்லும் ‘டியூஸ்’ என்ற சொல்லில் பெரிய மர்மம் இல்லை. சமநிலையில் வெல்வதற்கு அடுத்தடுத்து இரண்டு புள்ளி தேவை என்பதைப் பிரெஞ்சில் ‘அ தூ’, அதாவது ‘இரண்டுக்கு’ என்றார்கள். இத்தாலிய வழக்கும் இதே பொருளுடையது. 1598-இல் ஜான் ஃப்ளோரியோ வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதியில் டென்னிஸ் வழக்காக இந்த ஆங்கிலச் சொல் இடம்பெற்றிருக்கிறது. தாய்வீடான பிரான்சில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபன் ஆட்டங்களை ஒலியோடு பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: ஒரு கேமில், அதாவது 15, 30, 40 என்று எண்ணி முடிக்கும் ஒரு சுற்றில், முதல்முறை 40-40 ஆகும்போது நடுவர் ‘கராந்த் ஆ’ என்று சொல்வார், மறுபடி சமநிலை வரும்போதுதான் ‘எகாலிட்டே’, அதாவது ‘சமம்’ என்பார். முதல் சமநிலைக்கும் பின்னர் வரும் சமநிலைக்கும் வேறுபாடு காட்டும் இந்த வழக்கம் ஆங்கிலத்தில் இல்லை.

‘லவ்’ பற்றித்தான் மிகுதியான கற்பனை உலவுகிறது. பூஜ்யம் முட்டை வடிவில் இருப்பதால் பிரெஞ்சுக்காரர்கள் அதை முட்டை என்ற பொருளில் ‘லெஃப்’ என்றார்கள், ஆங்கிலேயர் அதைத் தவறாகக் கேட்டு ‘லவ்’ ஆக்கினார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். தமிழருக்கு இது உடனே பிடித்துப்போவதில் வியப்பில்லை. கணக்குப் பரீட்சையில் ‘முட்டை வாங்கினான்’ என்று நாமே சொல்கிறோம். கிரிக்கெட்டில் ரன் எடுக்காமல் வெளியேறுவதை ‘டக்’ என்பதும் வாத்து முட்டையிலிருந்து வந்ததுதான். ஆனால் எந்தப் பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து இது போனதாகச் சொல்கிறார்களோ, அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்டக் கணக்கில் முட்டை என்ற சொல்லைப் பயன்படுத்தியதற்குச் சான்று இல்லை. அவர்கள் பூஜ்யம் என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் பணயம் இன்றி ஆடுவதை ‘அன்புக்காக ஆடுவது’ என்று சொல்லும் மரபு பழையது; 18ஆம் நூற்றாண்டிலேயே சீட்டாட்டக் கணக்கிலும் ஒன்றும் எடுக்காத நிலையை ‘லவ்’ என்றார்கள். கையில் ஒரு காசும் சேராதவர் அன்புக்காகவே ஆடிக்கொண்டிருக்கிறார் என்பது அதன் உட்பொருள். ‘புகழுக்காக ஆடுவது’ என்ற பொருளுடைய டச்சு வழக்கில் வரும் ‘லோஃப்’ என்ற சொல்லைக் கில்மைஸ்டர் இதன் மூலமாகக் கருதுகிறார். இரண்டில் எது சரியானாலும் மீண்டும் பணயத்திடமே வந்து சேர்கிறோம்: பதினைந்து காசு கிடைத்த நிலை என்றால், ‘லவ்’ காசு இல்லாமல் ஆடும் நிலை.

இனி பலரும் அறியாத பகுதி. இந்தப் பழைய எண்ணிக்கை இன்றைய டென்னிஸுக்கு வராமலே போயிருக்கக்கூடும். போம் ஆட்டம் காலப்போக்கில் கூடங்களுக்குள் ஆடும் உள்ளரங்க டென்னிஸாக இருந்தது; பிரான்சில் அது புரட்சிக்குப் பிறகு தேய்ந்தது. 1789 ஜூன் 20 அன்று மக்கள் பிரதிநிதிகள் கூடி உறுதிமொழி எடுத்த வெர்சாய் மண்டபமே ஒரு போம் ஆட்டக்கூடம்தான். இங்கிலாந்தில் செல்வர்களின் சில கூடங்களில் மட்டும் அது பிழைத்திருந்தது. 1874-இல் மேஜர் வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்ட் புல்வெளியில் ஆடும் புதிய ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்று, வலை, கம்பம், மட்டை, பந்து எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடக்கி ஐந்து கினி விலைக்கு விற்றார். களம் இடை குறுகிய உடுக்கை வடிவில் இருந்தது. எண்ணிக்கைக்கு அவர் எடுத்துக்கொண்டது சுவரில் பந்தடிக்கும் ராக்கெட்ஸ் ஆட்டத்தின் முறை. சர்வ் செய்பவர் மட்டுமே புள்ளி எடுக்கலாம், 15 புள்ளியில் ஆட்டம் முடியும். 2006-க்கு முன் இறகுப்பந்து ஆடியவர்களுக்கு இந்த முறை நன்றாக நினைவிருக்கும். இங்கே 15 என்பது முழு ஆட்டத்தின் எல்லை. போம் ஆட்டத்தின் 15-க்கும் இதற்கும் உறவில்லை. 1875-இல் லண்டனின் மேரிலிபோன் கிரிக்கெட் கிளப் விதிகளை ஒழுங்குபடுத்தியபோதும் ராக்கெட்ஸ் முறையே நீடித்தது.

மாற்றம் 1877-இல் வந்தது. விம்பிள்டனில் இருந்த கிளப் தன் முதல் போட்டிக்காக விதிகளை வகுக்கும் பொறுப்பை மூன்று பேரிடம் கொடுத்தது: சீட்டாட்ட நூல்களால் பெயர் பெற்ற ஹென்றி ஜோன்ஸ், பழைய உள்ளரங்க டென்னிஸின் வரலாற்றை அடுத்த ஆண்டே நூலாக வெளியிட்ட ஜூலியன் மார்ஷல், சி. ஜி. ஹீத்கோட். உடுக்கை வடிவத்தை விட்டு 78 அடி நீளமும் 27 அடி அகலமும் கொண்ட செவ்வகக் களத்தை நிறுவியவர்கள் இவர்களே; அந்த அளவு இன்றுவரை மாறவில்லை. ராக்கெட்ஸ் கணக்கைத் தள்ளிவிட்டு 15, 30, 40 முறையைப் புல்தரைக்குக் கொண்டுவந்தவர்களும் இவர்களே. அந்த மூவரில் உள்ளரங்க டென்னிஸின் பற்றாளர் இல்லாதிருந்தால், இன்று நாம் 15 புள்ளி ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம் என்று நினைக்கிறேன். அந்த ஜூலை மாதம் 22 பேர் பெயர் கொடுத்தார்கள்; இறுதி ஆட்டத்தில் ஸ்பென்சர் கோர் வில்லியம் மார்ஷலை 6-1, 6-2, 6-4 என்று வென்றார். வென்ற கோர் ராக்கெட்ஸ் ஆட்டக்காரர். தோற்ற மார்ஷல் உள்ளரங்க டென்னிஸ் பயின்றவர். ஆட்டத்தில் ராக்கெட்ஸ் வென்றது, கணக்கில் டென்னிஸ் நிலைத்தது.

பழமைக்கு மதிப்பளித்து மட்டும் இந்த முறை நிலைத்துவிடவில்லை. புள்ளிகளை நான்கு நான்காகக் கேமாகவும், கேம்களை ஆறு ஆறாக செட்டாகவும் அடுக்கும் அமைப்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு: சிறிய மேன்மையை அது பெரிதாக்கும். ஒவ்வொரு புள்ளியையும் வெல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு உள்ளவருக்கு ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 62 விழுக்காடு. புள்ளியில் 60 என்றால் கேமில் ஏறத்தாழ 74. அதேவேளை எல்லாப் புள்ளிக்கும் ஒரே எடை இல்லாததால், மொத்தத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்கவும் வழி இருக்கிறது. 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஃபெடரர் 218 புள்ளி, ஜோகோவிச் 204 புள்ளி, கோப்பை ஜோகோவிச்சுக்கு. அதே விம்பிள்டனில் 2010-இல் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் நடந்த ஆட்டத்தில் தோற்ற மாயு 502 புள்ளி எடுத்தார், 70-68 என்று கடைசி செட்டை வென்ற இஸ்னர் 478. நேர்கோட்டில் எண்ணிக்கொண்டே போகும் ஆட்டத்தில் 14 புள்ளி முந்தியவர் தோற்க முடியாது. 40-0 என்று பின்தங்கியவர் மூன்று புள்ளியைச் சேமித்து மீளும்போது அரங்கமே எழுந்து நிற்பது இந்த அமைப்பால்தான்.

இந்தக் கோட்டைக்குள் நுழைந்த ஒரே பெரிய மாற்றம் டை-பிரேக், அதாவது கேம்கள் சமநிலையில் நிற்கும் செட்டை முடித்துவைக்கும் தனிக் கேம். 1969 விம்பிள்டனில் கொன்சாலெஸும் பசரெல்லும் 22-24, 1-6, 16-14, 6-3, 11-9 என்று 112 கேம்கள் ஆடினார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, முடிவில்லாமல் நீளும் செட்டுகளை ஒழிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் நியூபோர்ட்டில் ஜிம்மி வான் ஏலன் வாதாடிக்கொண்டிருந்தார். 15, 30 என்ற எண்ணிக்கையையே எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு என்று நேராக எண்ணலாம் என்பது அவருடைய விருப்பம். அதில் டை-பிரேக் மட்டும் 1970-இல் அமெரிக்க ஓபனிலும் 1971-இல் விம்பிள்டனிலும் ஏற்கப்பட்டது. 2022 முதல் நான்கு பெரும் போட்டிகளிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டை-பிரேக்தான்.

ஆகவே இன்று ஒரே செட்டுக்குள் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. 6-6 ஆனதும் நடுவரின் சொற்களைக் கூர்ந்து கேளுங்கள். முதல் புள்ளி 15 ஆக இருக்காது, 1 ஆக இருக்கும்; எதிரே நிற்பவருக்கு ‘லவ்’ என்று சொல்ல மாட்டார், ‘ஜீரோ’ என்பார். டை-பிரேக் முடிந்து, அடுத்த செட்டின் முதல் புள்ளி விழுந்ததும் அதே குரல் ‘ஃபிஃப்டீன் லவ்’ என்று சொல்லும்.